தெருக்குத்து வீட்டுத் தாளம்

தூத்துக்குடி நங்கூரத் தெருவில் பாட்டு பாகம் பிரிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்தில். அன்றிலிருந்து கிழக்கு வரிசை வீடுகளில் கேசட்டைப் போட்டால் குரல் மட்டும் வந்தது, மேற்கு வரிசை வீடுகளில் போட்டால் கிட்டார் மட்டும் வந்தது, தாளம் எந்த வீட்டிலும் வரவில்லை. தாளம் எங்கே போயிற்று என்று மெர்சலினுக்கு மட்டும் நன்றாகத் தெரியும், ஏனென்றால் அது அவளுடைய தையல் மெஷினுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்தப் பாட்டு நங்கூரத் தெருவுக்கு வந்த கதையைச் சொல்லாமல் மேலே போனால் தெருக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், அவர்களுக்கு அதில் அவ்வளவு பெருமை. தொண்ணூறாம் வருஷம் இங்கிலாந்துக் கப்பல் ஒன்று துறைமுகத்துக்கு வந்த இடத்தில் எந்திரம் பழுதாகி இருபத்தோரு நாள் நின்றது. அதில் மூன்றாவது எஞ்சினியராக இருந்த ஒரு செம்பட்டைத் தலைக்காரர், தெரு முனையிலிருந்த பேக்கரியில் மக்ரூனைத் தின்று பார்த்து, மறுநாளும் வந்து தின்று, இருபத்தோரு நாளும் விடாமல் வந்து தின்று, கப்பல் கிளம்புகிற அன்றைக்குக் கண்கலங்கி, தன் சேக்காளிகள் மூன்று பேர் போட்ட பாட்டு என்று ஒரு பெட்டி நிறையக் கேசட்டுகளை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். அவருடைய நாட்டில் அப்போது அதை வாங்க ஆளில்லை. இங்கே வீட்டுக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்த மூவர் குழுவின் பெயர் டாம்ப் மேட்சஸ். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த தொபியாஸ் மச்சாதுவுக்கு இங்கிலீஷ் தெரியுமாகையால், நமத்த தீக்குச்சி என்று அர்த்தம் சொன்னார். தீக்குச்சி என்றதும் தெரு நிமிர்ந்து உட்கார்ந்தது. உலகம் முழுக்கப் போகிற தீப்பெட்டி கோவில்பட்டிச் சரக்கு, எந்நேரமும் மழை பெய்கிற அந்த இங்கிலாந்துக்குப் போனது நம் தீப்பெட்டியாகத்தான் இருக்கும், அதை நனைய விட்டுவிட்டு அந்தப் பிள்ளைகள் வருத்தத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று முடிவாயிற்று. அந்த முடிவுக்கு எதிராக யாராவது ஒரு வார்த்தை சொன்னால் இன்றைக்கும் அந்தத் தெருவில் அவருக்குத் தண்ணீர்கூடக் கிடைக்காது. பக்கத்து ஊர்ச் சரக்கின் பெயரை வைத்துக்கொண்ட பிள்ளைகள் சொந்தக்காரப் பிள்ளைகள்தானே. ஐந்தாறு வருஷம் கழித்து, அந்த நாட்டில் புதிதாகக் கிட்டாரைத் தூக்கியவர்களெல்லாம் இந்த மூவரைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம் என்று பேட்டி கொடுத்தபோது, நாங்கள் அன்றைக்கே சொன்னோமே என்றது நங்கூரத் தெரு. பேக்கரிக்காரர் மகன் சுடலைமணி அதற்காக ஊருக்கெல்லாம் மக்ரூன் கொடுத்தார்.

தொண்ணூற்றொன்றில் ரசிகர் நற்பணி மன்றம் தொடங்கினார்கள். தொபியாஸ் தலைவர், சுடலைமணி செயலாளர், ஒரே தட்டில் சாப்பிடுகிற சிநேகிதர்கள். திறப்பு விழாவுக்கு ஆளுயரப் பேனர் வரையச் சொன்னார்கள். பாடுகிற டெனிஸும் கிட்டார் வாசிக்கிற ரோரியும் சரியாக வந்துவிட்டார்கள். டிரம்ஸ் அடிக்கிற மார்ஜரி கேசட்டின் உள்தாளில் பித்தளைத் தட்டுக்குப் பின்னால் பாதி முகமும் ஒரு கையுமாகத்தான் இருந்தாள். பேனர்க்காரர் அதைப் பார்த்து, டெனிஸின் சம்சாரம் போலிருக்கிறது என்று நினைத்து, பட்டுப் புடவை கட்டி, பொட்டு வைத்து, ஒரு எட்டுப் பின்னால் நிறுத்தி வரைந்துவிட்டார். டெனிஸுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று தொபியாஸ் கொதித்தார். திருத்தி வரைய நேரமில்லாமல் அவள்மேல் வெள்ளைப் பெயிண்டை அடித்து, அந்த இடத்தில் ‘அனைவரும் வருக’ என்று எழுதிவிட்டார்கள்.

அப்போது மெர்சலினுக்கு இருபது வயது. தெரு நேராக வந்து முட்டுகிற இடத்தில் இருந்த வீடு அவளுடையது. தெருக்குத்து வீடு ஆகாது என்று யாரும் வராத வீட்டில் அவளும் அவள் அம்மாவும் குடியிருந்து தைத்துப் பிழைத்தார்கள், அது கிழக்கிலும் சேராது மேற்கிலும் சேராது. அவளும் மன்றத்தில் பெயர் கொடுக்கப் போனாள். “பொம்பளப் பிள்ளைக்கு மன்றத்துல என்ன சோலி, வீட்ல இருந்து கேளு தாயி” என்று தொபியாஸ் அன்பாகத்தான் சொன்னார். அவள் திரும்பி வரும்போது பேனரில் வெள்ளை காய்வதைப் பார்த்தாள், வீட்டுக்கு வந்து கேசட்டின் உள்தாளை எடுத்து மடிக்காமல் மெஷின் டிராயருக்குள் வைத்தாள். அந்தக் கை பித்தளைத் தட்டை அடிக்க ஓங்கியிருந்த விதம் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

தொண்ணூற்றெட்டில் ஒரு மழைக்கோட்டு யாருடையது என்பதில் டெனிஸுக்கும் ரோரிக்கும் வாய்ச்சண்டை வந்து குழு உடைந்தது. சேதி மூன்று மாதம் கழித்து, கப்பலில் வந்த ஒரு பழைய பத்திரிகையில் இங்கே வந்து சேர்ந்தது. அதில் டெனிஸ் சொன்னது ஒரு பக்கம், ரோரி சொன்னது ஒரு பக்கம் என்று போட்டிருந்தார்கள், மார்ஜரி சொன்னது எங்கேயும் இல்லை. தொபியாஸ் அதைத் தெருவில் நின்று வாசித்து, கோட்டு டெனிஸுடையதுதான் என்றார். சுடலைமணி ரோரியுடையது என்றார். வார்த்தை தடித்து, நாற்காலி உடைந்து, கிழக்கு வரிசை தொபியாஸோடும் மேற்கு வரிசை சுடலைமணியோடுமாக மன்றம் இரண்டாயிற்று. அன்று விளக்கு வைக்கிற நேரத்தில்தான் பாட்டும் இரண்டாயிற்று.

அதற்காக யாரும் மலைத்து உட்கார்ந்துவிடவில்லை. எலக்ட்ரீசியன் வந்து எல்லா டேப் ரெக்கார்டரையும் கழற்றி, ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்து, மாட்டிக் கொடுத்துவிட்டு, மெஷினில் கோளாறு இல்லை தெருவில்தான் கோளாறு என்று சொல்லிப் போய்விட்டார். மாதா கோயில் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துப் பார்த்தார். கிழக்கு வரிசைக் கேசட்டை மேற்கே கொண்டுபோனால் நடுத்தெருவைத் தாண்டும்போதே குரல் இறங்கிக்கொண்டு கிட்டார் ஏறிக்கொண்டது, ஆகவே ஏமாற்றவும் வழியில்லை. கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் செல்போன் வந்தது, எதில் போட்டாலும் அதே கதைதான். வெளியூரில் எப்படிக் கேட்டதோ தெரியாது, நங்கூரத் தெருக்காரர்கள் வெளியூருக்குப் போய்ப் பாட்டுக் கேட்கிற ஆட்கள் இல்லை. கிழக்கில் பிறந்த பிள்ளைகள் வாயாலேயே கிட்டார் வாசிக்கப் பழகின, மேற்கில் பிறந்தவை ஊமைப் பாட்டுக்கு உதட்டை அசைத்தே வளர்ந்தன. மேற்கு வரிசையிலிருந்து கிழக்கே வாழ்க்கைப்பட்டுப் போன பெண்கள் தாய் வீட்டுக்கு வரும்போது முதலில் கேட்பது காபி அல்ல, கிட்டார். ஆண்டுதோறும் மே மாதம் இரண்டு மன்றமும் அடுத்தடுத்த நாளில் விழா எடுத்து, கட்அவுட்டுக்குப் பால் ஊற்றி, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தன. தொபியாஸும் சுடலைமணியும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் தலை நரைத்தார்கள்.

ஆனால் இரண்டு மன்றமும் போட்டிக்காகச் சாயங்காலம் ஒரே நேரத்தில் பாட்டைப் போடும். அப்போது தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து குரலும் அந்தப் பக்கத்திலிருந்து கிட்டாரும் நேராக ஓடி வந்து தெருக்குத்து வீட்டு வாசலில் முட்டும். உள்ளே மெர்சலின் பெடலை மிதிப்பாள். பாட்டு பிரிந்த அன்று அவள் மாதா கோயிலில் முதல்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைப் பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன் தைத்துக்கொண்டிருந்தாள். பெடல் தானாக அவள் காலை ஏந்தி, இரண்டு நீளம் ஒரு குட்டை, இரண்டு நீளம் ஒரு குட்டை என்று ஓட ஆரம்பித்தது, அவள் பயப்படவில்லை, யாரென்று உடனே தெரிந்துவிட்டது. “வா” என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து இருபத்தேழு வருஷம், உலகத்திலேயே அந்தப் பாட்டை நாள் தவறாமல் முழுசாகக் கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

அவள் தைத்த துணிக்கு அதனால் ஒரு ராசி வந்தது. அந்தத் தையலைப் போட்டுக்கொண்டவர்களுக்கு நடை மாறியது. பனிமய மாதா தேர்ப் பவனியில் அவளிடம் தைத்தவர்கள் நாற்பது பேரும் சொல்லிவைக்காமலே ஒரே காலை எடுத்து வைத்து நடந்தார்கள், பார்த்தவர்களுக்குப் புல்லரித்தது. திருச்செந்தூரிலிருந்தும் நாசரேத்திலிருந்தும் கல்யாணத் துணியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளை கோட்டு மெர்சலின் தைத்தால் மாப்பிள்ளை கூனமாட்டார் என்று பேச்சு. தெருவில் எல்லாருக்கும் அது என்ன சத்தம் என்று உள்ளுக்குள் தெரியும், ஆனால் இரண்டு மன்றமும் அதைத் தையல் மெஷின் சத்தம் என்றே சொல்லிவந்தன. அம்மா போன பிறகு அவள் தனியாகத்தான் இருந்தாள், இருந்தும் தனியாக இருப்பதாக அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

அப்படியிருக்கும்போதுதான் போன மார்ச் மாதம் சேதி வந்தது, டெனிஸும் ரோரியும் சமாதானமாகிவிட்டார்களாம், டாம்ப் மேட்சஸ் மறுபடி சேருகிறதாம், ஜூனில் ஒரு பெரிய மைதானத்தில் கச்சேரியாம்.

அன்று காலையில் கிழக்கு வரிசை அடுப்படிகளில் மெல்லக் கிட்டார் கேட்டது. மேற்கே ஷேவிங் செய்துகொண்டிருந்த ஒருவர் குரலைக் கேட்டுக் கன்னத்தை வெட்டிக்கொண்டார். தொபியாஸ் கைலியோடு வாசலுக்கு வந்தார், எதிரே சுடலைமணி கையில் மாவோடு நின்றார். இருபத்தேழு வருஷத்துக்கு அப்புறம் முதல் வார்த்தையைத் தொபியாஸ்தான் பேசினார்.

“எலே சுடலை, ஒன் வீட்ல என்னல கேக்கு?”

“கொரலு கேக்கு. ஒன் வீட்ல?”

“கிட்டாரு.”

இருவரும் அங்கேயே நின்று அழுதார்கள். தெரு முழுக்க அழுதது. ஆனால் அந்த அழுகை மத்தியானத்துக்குள் காய்ந்து, சாயங்காலம் வேறு பேச்சு கிளம்பிற்று. தொபியாஸ் தன் தங்கச்சி மகள் கல்யாணத்துக்கே போகாதவர், மாப்பிள்ளை மேற்கு வரிசை என்பதால். இப்போது டெனிஸும் ரோரியும் தம் இஷ்டத்துக்குச் சேர்ந்துகொண்டார்கள், அந்தக் கல்யாணத்தை இனி எப்படிப் பார்ப்பது. “சேருததுக்கு முன்னால நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம்லா” என்று அவர் மனத்தாங்கலாகச் சொன்னார். அறுபது வயதுக் குரல் அந்தப் பாட்டைக் கெடுத்துவிடும், பேசாமல் பிரிந்தே இருந்திருக்கலாம் என்றார்கள் சிலர். நல்ல சண்டை ஒன்று போய்விட்டதே என்று வெளிப்படையாக வருத்தப்பட்டவர்களும் உண்டு. பாதிப் பாட்டைக் கேட்டே வளர்ந்த பிள்ளைகளுக்கு முழுப் பாட்டு காதில் ஒட்டவில்லை, இது வேறு யாரோ பாடுகிறது என்றார்கள். எல்லாவற்றையும் மீறி, மன்றங்கள் ஒன்றாயின, நம்ம பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள் என்று பஸ் ஸ்டாண்டு வரை போஸ்டர் ஒட்டினார்கள்.

மெர்சலினுக்கு வேறு கவலை. குரல் திரும்பிவிட்டது, கிட்டார் திரும்பிவிட்டது, அடுத்தது தாளம்தான். ஒவ்வொரு நாள் காலையிலும் சிலுவை போட்டுக்கொண்டு பெடலில் கால் வைப்பாள். இரண்டு நீளம், ஒரு குட்டை. இருக்கிறது. அப்பாடா என்று மூச்சு விடுவாள். இது போய்விட்டால் அவள் ஐம்பத்துநான்கு வயதில், கண் மங்கத் தொடங்கிய, எல்லாரையும்போல ஒரு தையல்காரி. பிழைப்பு மட்டுமில்லை, அந்த வீட்டில் துணைக்கு இருந்ததும் அது ஒன்றுதான். ஒரு மாதம் போயிற்று, தாளம் போகவில்லை. ஏன் போகவில்லை என்பது ஏப்ரலில் தெரிந்தது, சுடலைமணி சட்டைக்கு அளவு கொடுக்க வந்த அன்று.

“டிரம்ஸுக்கு யாரோ புதுசா ஒரு பையனப் போட்டுருக்காவளாம்” என்றார் அவர், கையைத் தூக்கி நின்றபடி.

“மார்ஜரி?”

“அவளக் கூப்பிடலயாம். அவ இப்ப எங்கயோ பஸ்சு ஓட்டுதாளாம்.”

மெர்சலினுக்கு முதலில் வந்தது சந்தோஷம். போகாது, இனி இது என்னோடுதான் என்று மனசு துள்ளியது. அளவு நாடா கையில் இருக்க, அந்தச் சந்தோஷத்தின் முகத்தைப் பார்த்து அவளுக்கு உடம்பு கூசிப்போயிற்று. ஒருத்தியைக் கூப்பிடாமல் விட்டதில் எனக்கு லாபம் என்று சந்தோஷப்பட்டேனே என்று அன்றைக்கெல்லாம் சோறு இறங்கவில்லை. டிராயரைத் திறந்து உள்தாளை எடுத்துப் பார்த்தாள். பாதி முகம், ஓங்கிய கை. அவளைக் கூப்பிட்டால் நானே கொடுத்துவிடுவேன், கூப்பிடாவிட்டால் எந்தப் பையனுக்கும் இதைக் கொடுக்கமாட்டேன் என்று அந்தக் கைக்குச் சத்தியம் பண்ணினாள். சொன்ன பிறகுதான் கஞ்சி குடித்தாள்.

மே கடைசியில் தொபியாஸும் சுடலைமணியும் சேர்ந்தே அவள் வீட்டுப் படியேறினார்கள்.

“மெர்சி, பாட்டு சப்புனு இருக்கு பிள்ள” என்றார் தொபியாஸ்.

“ஏன், கொரலும் வந்துட்டு, கிட்டாரும் வந்துட்டு, இன்னும் என்னண்ணே வேணும்?”

“தாளம் இல்ல.”

“இருவத்தேழு வருசமா இல்ல. இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்?”

சுடலைமணி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். தங்கள் சண்டையில் அவர்களுக்கு உண்மையாகவே அது ஒரு குறையாக உறைக்காமல் இருந்தது, குரல் இல்லாதவனுக்குக் குரல்தான் குறை, கிட்டார் இல்லாதவனுக்குக் கிட்டார்தான் குறை. இரண்டும் வந்தபின்தான் நடுவில் ஒரு பள்ளம் இருப்பது தெரிந்தது. கச்சேரி அன்று முச்சந்தியில் பெரிய திரை கட்டி நேரலை காட்டப்போகிறார்கள், மெஷினை மேடைக்குக் கொண்டுவந்து அவள் மிதித்தால் பாட்டு முழுசாகும். அந்த ஊர்ப் புதுப் பையன் எப்படி அடித்தாலும் அது நம்ம தாளம் ஆகாது என்று அவர் சொன்னார். “அங்க அடிக்கது நகலு பிள்ள. அசலு ஒங்கிட்டதான இருக்கு” என்றார்.

“வாரேன்” என்றாள் மெர்சலின். “ஆனா பேனர்ல அவ இருக்கணும். அவுக ரெண்டு பேரு என்ன அளவோ அதே அளவு. பேரோட.”

“போட்டா வேணும்லா. முழு மூஞ்சி எங்க இருக்கு?”

அவள் டிராயரிலிருந்து உள்தாளை எடுத்துக் கொடுத்தாள். “இருக்குத மூஞ்சியப் போடுங்க.”

அப்படியே போட்டார்கள். பதினைந்தடி உயரத்துக்கு டெனிஸ், பதினைந்தடி உயரத்துக்கு ரோரி, நடுவில் பதினைந்தடி உயரத்துக்குப் பாதி முகமும் ஒரு கையும், கீழே மார்ஜரி என்று பெயர். வருகிறவர் போகிறவரெல்லாம் மற்ற இரண்டு பேரை விட்டுவிட்டு அந்தப் பாதி முகத்தைத்தான் நின்று பார்த்தார்கள்.

கச்சேரி ஜூன் மாதத்து ஒரு சனிக்கிழமை. அங்கே பகல் இரண்டு மணி, இங்கே சாயங்காலம் ஆறரை. கிழக்கிலிருந்து இரண்டு பேரும் மேற்கிலிருந்து இரண்டு பேருமாக மெஷினைத் தோளில் தூக்கிச் சப்பரம்போல முச்சந்திக்குக் கொண்டுபோனார்கள், மெர்சலின் தன் பெட்டியிலிருந்த ஒரே பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு பின்னால் நடந்தாள். மேடையில் மெஷினை வைத்து, ஸ்டூல் போட்டு, மைக்கை அதன் பக்கம் சாய்த்தார்கள். அவள் ஒரு துண்டுத் துணியை ஊசிக்கு அடியில் விட்டு உட்கார்ந்தாள். தெரு கொள்ளாத கூட்டம். அவள் தைத்த சட்டையையும் ரவிக்கையையுமே போட்டிருந்தது பாதிக் கூட்டம்.

திரையில் மைதானம் தெரிந்தது. தூறல். மழைக்கோட்டு போட்ட ஜனம் கண்ணுக்கு எட்டியவரை. டெனிஸ் வந்தான், வழுக்கை. ரோரி வந்தான், தொப்பை. நங்கூரத் தெரு அவர்களைப் பார்த்து, ஐயோ பாவம் எவ்வளவு தேய்ந்துபோய்விட்டார்கள் என்று உச்சுக் கொட்டிவிட்டு, உடனே கைதட்டிற்று. புதுப் பையன் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தான், நல்ல பையன்தான், முகத்தில் வியர்வை. குச்சியைத் தூக்கி நான்கு எண்ணி அடித்தான்.

சத்தம் வரவில்லை.

மறுபடி அடித்தான். தோல் அதிர்ந்தது தெரிந்தது, பித்தளைத் தட்டு ஆடியது தெரிந்தது, சத்தம் இல்லை. மைதானத்தில் ஆட்கள் ஓடினார்கள், ஒயரைப் பிடுங்கிச் செருகினார்கள். டெனிஸ் மைக்கைத் தட்டினான், அது சரியாகத்தான் இருந்தது. ரோரி கம்பியை இழுத்தான், அதுவும் சரியாக இருந்தது. அங்கே யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, இங்கே முச்சந்தியில் புரியாதவர் ஒருவர்கூட இல்லை. அசல் இங்கே இருக்கும்போது அங்கே எப்படிச் சத்தம் வரும். எல்லாத் தலையும் மெர்சலின் பக்கம் திரும்பிற்று.

அவள் பெடலிலிருந்து இரண்டு காலையும் எடுத்துத் தரையில் வைத்தாள்.

“மெர்சி, மிதி” என்றார் சுடலைமணி.

“அவளக் கூப்பிடட்டும்.”

“அவுகளுக்கு எப்படிம்மா தெரியும்?”

“தெரியும். கூட வாசிச்சவுகளுக்குத் தெரியாதா.”

தூறல் அங்கே மழையானது. ஜனம் கலையாமல் நின்றது. பத்து நிமிஷம் போயிற்று, அந்த மைதானத்தில் அத்தனை ஆயிரம் பேரும் நங்கூரத் தெருத் தையல்காரியின் இரண்டு காலுக்காகக் காத்து நின்றார்கள் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. தொபியாஸ் மேடையேறி வந்தார். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். “இருவத்தேழு வருசம் காத்துக் கெடந்தோம் பிள்ள. நான் சாகதுக்குள்ள முழுசாக் கேக்கணும்.”

“அவளும்தான் காத்துக் கெடந்தா அண்ணே” என்றாள் மெர்சலின். “நீங்க அவமேல வெள்ள அடிச்ச அன்னைலருந்து பாக்கேன்.”

தொபியாஸ் பேனரை நிமிர்ந்து பார்த்தார். பழைய பேனரும் அந்த வெள்ளையும் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். மேடையின் விளிம்பில் போய் உட்கார்ந்து, துண்டை மடியில் போட்டுக்கொண்டு, “மார்ஜரி” என்று ஒரு தரம் கூப்பிட்டார். அவர் பக்கத்தில் சுடலைமணி உட்கார்ந்து கூப்பிட்டார். கிழக்கு வரிசை கூப்பிட்டது, மேற்கு வரிசை கூப்பிட்டது, வாயால் கிட்டார் வாசிக்கிற பிள்ளைகளும் உதடு அசைக்கிற பிள்ளைகளும் கூப்பிட்டார்கள், தெரு முழுக்க ஒரே பெயர், இரண்டு நீளம் ஒரு குட்டை, இரண்டு நீளம் ஒரு குட்டை, அவர்கள் சட்டையில் இருந்த தையலே அவர்களை அப்படிக் கூப்பிட வைத்தது.

திரையில் டெனிஸ் ரோரியைப் பார்த்தான். ரோரி தலையைக் குனிந்துகொண்டான். டெனிஸ் மைக்கிடம் போய், கடைசியில் அந்தப் பெயரைச் சொன்னான். கூட்டத்துக்குள் ஒரு இடம் விலகிற்று. பச்சை மழைக்கோட்டு போட்ட ஒரு பெண்பிள்ளை, நரைத்த தலை, கையில் பிளாஸ்டிக் பை, எல்லாரையும்போல டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து எல்லாரோடும் நனைந்து நின்றிருக்கிறாள். ஏறி வந்தாள். புதுப் பையன் எழுந்து, குச்சிகளை அவளிடம் கொடுத்துவிட்டு, அவளுக்கு இருக்கையைத் தாழ்த்திக் கொடுத்தான். அப்போதுதான் நங்கூரத் தெரு அவளுடைய முழு முகத்தையும் முதல்முதலாகப் பார்த்தது. பொட்டு இல்லை, புடவை இல்லை, அகலமான சாதாரண முகம்.

மெர்சலின் இரண்டு காலையும் பெடலில் வைத்தாள். “போ” என்றாள். அவள் மிதிக்க, அங்கே மார்ஜரி கையை ஓங்க, முதல் அடி இரண்டு இடத்திலும் ஒன்றாக விழுந்தது. இரண்டாவது அடி அங்கே மட்டும் விழுந்தது. காலுக்கு அடியிலிருந்து ஒரு பாரம் இறங்கிப் போனதை அவள் உணர்ந்தாள், பிடித்து வைக்க விரல்கள் மடங்கின, அவள் அவற்றை நிமிர்த்திவிட்டாள். குரலும் கிட்டாரும் தாளமும் சேர்ந்து அந்தத் தெருவில் இருபத்தேழு வருஷத்துக்கு அப்புறம் முழுசாக எழுந்தபோது, தொபியாஸ் சுடலைமணியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். டெனிஸின் குரல் கொஞ்சம் கெட்டுத்தான் போயிருந்தது, அதை அன்றைக்கு யாரும் குறையாகச் சொல்லவில்லை. மெர்சலின் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணைத் துடைக்காமல், கடைசிப் பாட்டு வரைக்கும் திரையைப் பார்த்தாள். அவளுக்கு வலித்தது, அந்த வலியோடு நெஞ்சு விரிந்து நின்றது.

மறுநாள் பூசை முடிந்ததும், மெஷினைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்த இடத்தில், அவள் பெடலை மிதித்தாள். கடகடவென்று ஓடிற்று, எந்த வீட்டு மெஷினும் ஓடுகிற மாதிரி. வாசலில் தயங்கி நின்றவர்களில் சுடலைமணிதான் வாயைத் திறந்தார்.

“போயிட்டே பிள்ள. இனி என்ன செய்யப் போற?”

“போயிட்டுன்னு சொல்லாதிய அண்ணாச்சி” என்றாள் அவள். “நான் அனுப்பி வச்சேன்.”

அவருடைய சட்டை பாதியில் கிடந்தது. எடுத்து மடியில் போட்டு, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, ஊசியில் நூலைக் கோத்து, தோள்பட்டையை வைத்து ஒரு தையல் ஓட்டினாள். எடுத்துப் பார்த்தாள். கொஞ்சம் வளைந்திருந்தது, இருபத்தேழு வருஷத்தில் அவளே தைத்த முதல் தையல் அது. பிரிக்கவில்லை. அடுத்த தோளுக்குத் துணியைத் திருப்பினாள்.